ஊறிய விதையும் முளைத்த விதையும்
‘இம்பைப்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிய ஓர் ஆய்வுரை

விடுமுறைக்காலத் திருப்பணிப் பயிற்சியை முடித்துத் திரும்பும் இறையியல் மாணாக்கர் எழுதித் தரும் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாக நாம் வாசித்து வருகிறோம். அவற்றில் தவறாது இடம்பெறும் சொல் ஒன்று உண்டு. தமிழில் எழுதுவோர் ‘உள்வாங்கிக்கொண்டேன்’ என்பர். ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘இம்பைப்’ என்னும் வினையை ஆள்வர். ஆயரின் அனுபவத்தை உள்வாங்கினேன், கிராமச் சபையின் எளிமையை உள்வாங்கினேன், திருமறையின் ஆழத்தை உள்வாங்கினேன் என்று பக்கந்தோறும் வரும். ஒருமுறை ஓர் அறிக்கையில், ஆயரவர்களின் இல்லத்தில் தங்கியிருந்த வாரங்களில் மாலைதோறும் அவரோடு அமர்ந்து ‘இம்பைப்’ செய்ததாக மாணாக்கர் ஒருவர் எழுதியிருந்தார். எதை என்று எழுத மறந்துவிட்டார். ஆங்கிலத்தில் இவ்வினை செயப்படுபொருளின்றித் தனித்து நின்றால் மது அருந்துதல் என்றே பொருள்படும். அறிக்கையை வாசித்த நாம் முறுவலித்தோம். ஆயரவர்களோ நெடுநாள் முறுவலிக்கவில்லை.

ஒரு சொற்பிழை என்று இதைக் கடந்து சென்றிருக்கலாம். ஆயினும், பயிற்சியின் பயனை அளக்கும் கோலாக நாம் கொண்டுள்ள ஒரு சொல், ஞானத்தைப் பருகுவதற்கும் சாராயத்தைப் பருகுவதற்கும் ஒப்பப் பொருந்துகிறது என்றால், அக்கோல் எதை அளக்கிறது என்று கேட்பது நம் கடமையாகிறது. இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய முற்படுகிறது.

1. சொல்லின் வரலாறு

இச்சொல்லின் தாயகம் இலத்தீன். ‘பிபெரே’ என்றால் குடித்தல். அதனோடு ‘உள்’ என்னும் பொருளுடைய முன்னொட்டுச் சேர்ந்து ‘இம்பிபெரே’ ஆயிற்று. உள்ளே குடித்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் இது முதலில் வழங்கியபோது, இன்று நாம் எண்ணுவதுபோல் மனத்தின் செயலைக் குறிக்கவில்லை. ஒரு பொருளை நீர்மத்தில் தோய்த்து ஊறச் செய்யும் தொழிலைக் குறித்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர், இரசவாதிகளின் ஏமாற்று வேலையைச் சொல்லும் கதையில், அவர்களுடைய தொழிற்சொற்களின் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறார். ஈயத்தைப் பொன்னாக்குவோம் என்றவர்கள் தங்கள் பொருள்களை ஊறவைத்தார்கள். பொருள் ஊறியது; பொன் ஆகவில்லை. இச்சொல்லின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இது ஒரு முன்னடையாளம் என்று கூறத் தோன்றுகிறது.

பின்னர் இச்சொல் மூன்று கிளைகளாகப் பிரிந்தது. முதலாவது, கருத்துகளையும் கொள்கைகளையும் மனத்தில் ஏற்றல். இரண்டாவது, மண்ணும் மரமும் விதையும் ஈரத்தை ஈர்த்தல். மூன்றாவது, குடித்தல், சிறப்பாக மது அருந்துதல். இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று அகராதியைப் புரட்டுபவர் எண்ணக்கூடும். ஆனால் இம்மூன்றையும் தம் ஒரே வாழ்நாளில் கையாண்ட குருவானவர் ஒருவர் இருந்தார்.

2. டெடிங்டன் குருவானவர்

ஸ்டீபன் ஹேல்ஸ் என்பார் 1709ஆம் ஆண்டு முதல் 1761இல் இறைவனடி சேரும்வரை, இலண்டனை அடுத்த டெடிங்டன் என்னும் ஊரின் சபையில் திருப்பணியாற்றியவர். தாவரங்களின் உடற்செயல்களை அளவிட்டு ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் என்று அறிவியல் வரலாறு அவரைப் போற்றுகிறது. 1727இல் வெளிவந்த ‘வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்’ என்னும் நூலில், செடிகள் எவ்வளவு நீரை உட்கொள்கின்றன, எவ்வளவை இலைகள்வழி வெளியிடுகின்றன, மரங்கள் எத்தகைய விசையோடு ஈரத்தை ஈர்க்கின்றன என்பவற்றை அவர் தராசும் குழாயும் கொண்டு அளந்தார். அந்நூலின் முதல் இரு அதிகாரங்களின் தலைப்புகளிலேயே நாம் ஆராயும் வினை இடம்பெறுகிறது.

அவர் செய்த சோதனைகளுள் ஒன்று நம் கருத்துக்கு மிகவும் ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஒன்றில் உலர்ந்த பட்டாணியை நிரப்பி, நீர் வார்த்து, மூடியின்மேல் பளுவை ஏற்றி வைத்தார். பட்டாணி நீரை ஈர்த்துப் பருத்தது. பருத்துப் பளுவோடு மூடியை உயர்த்தியது. பளுவை மேலும் கூட்டியபோது, ஒவ்வொரு மணியும் தனக்கும் அயல் மணிக்கும் இடையே வெற்றிடமின்றி நெருக்குண்டு, உருண்டை வடிவை இழந்து, பல முகங்களுடைய வடிவைப் பெற்றது. விதைக்குள் புகும் நீரின் விசை அத்துணைப் பெரிது.

இதே குருவானவர் 1730களில் மற்றொரு சிறு நூலையும் எழுதினார். ஜின், பிராந்தி முதலிய வடித்தெடுத்த மதுவகைகளைக் குடிப்போருக்கு நட்புமுறையில் விடுத்த எச்சரிப்பு அது. அக்காலத்தில் இலண்டனின் ஏழை மக்களை ஜின் என்னும் மலிவான மது சூறையாடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுப்படுத்த 1736இலும் 1751இலும் பாராளுமன்றம் சட்டங்கள் இயற்ற நேர்ந்தது. மரம் ஈரத்தை ஈர்ப்பதை அளந்த கை, மனிதர் மதுவை ஈர்ப்பதைக் கண்டு நடுங்கி எழுதிற்று. அவர் ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நின்றபோது, மக்கள் வசனத்தை ஈர்ப்பதையும் கண்டிருப்பார். இம்மூன்று ஈர்ப்புகளும் ஒன்றல்ல என்பதை அவரைவிட நன்கறிந்தவர் வேறு யார்? ஆயினும் ஆங்கிலம் அவர் கையில் கொடுத்தது ஒரே சொல்லைத்தான்.

3. மரித்த விதையும் ஊறும்

ஹேல்ஸ் காலத்துக்குப் பின் தாவரவியல் வெகுதூரம் வளர்ந்துள்ளது. விதை நீரை ஏற்பதில் மூன்று கட்டங்கள் உண்டு என்று இன்று கற்பிக்கப்படுகிறது. முதற்கட்டத்தில் உலர்ந்த விதை நீரை விரைந்து ஈர்த்துப் பருக்கிறது. இரண்டாவதில் ஈர்ப்பு ஏறத்தாழ நின்றுபோகிறது. வெளியே மாற்றம் எதுவும் தோன்றாது. ஆனால் உள்ளே உயிர்ச்செயல்கள் விழிக்கின்றன. மூன்றாவதில் வேர் தோலைக் கிழித்து வெளிவருகிறது. நீரேற்றம் மீண்டும் பெருகுகிறது.

இதில் நம் சிந்தைக்குரிய உண்மை யாதெனில், முதற்கட்டத்திற்கு உயிர் தேவையில்லை என்பதே. மரித்த விதையும் நீரை ஈர்க்கும். உயிருள்ள விதையைப் போலவே பருக்கும். உலர்ந்த மரத்துண்டும் அவ்வாறே. எனவே ஊறவைத்த முதல் சில மணி நேரத்தில் இரண்டு விதைகளை அருகருகே வைத்தால், உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று பருமனைக்கொண்டு சொல்ல இயலாது. நம் உழவர் இதை நூலின்றியே அறிவர். விதைநெல்லை நீரில் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி வைத்து, முளை கண்ட பின்னரே நாற்றங்காலுக்குக் கொண்டுபோவர். ஊறியதைக் கண்டு எவரும் விதைப்பதில்லை. முளைத்ததைக் கண்டே விதைப்பர். முளைக்காத நெல் சாக்குக்குள்ளேயே அழுகி நாறும்.

நம் அறிக்கைகளில் வரும் ‘உள்வாங்கினேன்’ என்பது எந்தக் கட்டத்தைக் குறிக்கிறது? பெரும்பாலும் முதற்கட்டத்தையே என்று அஞ்சுகிறோம். சொற்பொழிவுகளைக் கேட்டுப் பருத்திருக்கிறோம். நூல்களை வாசித்துப் பருத்திருக்கிறோம். பருமன் உண்மையானதே, மூடியை உயர்த்தும் அளவு விசையுள்ளதே. ஆனால் அது உயிரின் சான்று ஆகாது.

4. தாய்ப்பாலோடு புகுந்தவை

‘இம்பைப்’ என்னும் சொல்லின் மற்றொரு வழக்கும் ஆய்வுக்குரியது. ஆங்கில எழுத்தாளர் இதை நற்பண்புகளுக்கு மட்டும் வழங்கவில்லை. தப்பெண்ணம், பகை, மூடக்கொள்கை ஆகியவற்றையும் மனிதர் ‘இம்பைப்’ செய்கின்றனர். பெரும்பாலும் தாயின் பாலோடு. நாமும் அவ்வாறே ‘இரத்தத்தில் ஊறியது’ என்கிறோம். இவ்வழக்கில் பொதிந்துள்ள உண்மை யாது? இவ்வாறு புகுவது, புகும்போது அறியப்படுவதில்லை. எவரும் ஆராய்ந்து முடிவுசெய்து ஏற்பதில்லை. வாயில் கடந்து வந்ததை வாயிற்காவலன் அறியான். யோபின் நூலில் அக்கிரமத்தைத் தண்ணீரைப் போல் குடிக்கிற மனிதனைப் பற்றிய பேச்சு வருகிறது (யோபு 15:16). தண்ணீரைக் குடிப்பவன் அதன் சுவையை எண்ணிப் பார்ப்பதில்லை. அத்துணை இயல்பாய் அது உள்ளே செல்கிறது.

தமிழ்த் திருச்சபைக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சாதி நமக்குள் எவ்வாறு புகுந்தது? எந்தத் திருமறை வகுப்பும் அதைக் கற்பிக்கவில்லை. எந்த விசுவாசப் பிரமாணத்திலும் அது இல்லை. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதிய சுற்றுக்கடிதம் இதை நேர்முகமாகச் சாடியது. ஆலயத்தில் சாதிவாரியாக வேறுவேறு பக்கங்களில் அமர்வதும், திருவிருந்துக்கு வேறுவேறாக வருவதும், முன்னொரு காலத்தில் கிண்ணமுங்கூட வேறாயிருந்ததும் அதில் குறையாகச் சுட்டப்பட்டுள்ளன. சாதியை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று அவர் கட்டளையிட்டபோது, அதற்கு இணங்காமல் எதிர்த்து நின்றவர்கள் பலர். அவர்கள் வசனத்தைக் கேளாதவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். ஞானப்பாட்டுகளை மனப்பாடமாக அறிந்தவர்கள். ஒரே மனிதனுக்குள் வசனமும் ஊறியிருந்தது, சாதியும் ஊறியிருந்தது. இரண்டையும் குறிக்க ஒரே வினைதான் உண்டென்றால், அவ்விரண்டில் எது அவனை ஆள்கிறது என்பதை அவ்வினை எங்ஙனம் சொல்லும்? கிண்ணத்தண்டை வந்து நின்றபோதே அது வெளிப்பட்டது. அன்று கிண்ணத்தண்டை வெளிப்பட்டது, இன்றும் சிலவிடங்களில் கல்லறைத் தோட்டத்தில் வெளிப்படுகிறது. பல இடங்களில் திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் வெளிப்படுகிறது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு அருளுரை கேட்டுப் பருத்த சபைகளைப் பற்றியே நாம் பேசுகிறோம். நம்மையும் நீக்கிவிட்டுப் பேசவில்லை.

5. மழையைக் குடித்த நிலம்

இனித் திருமறையை நோக்குவோம். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆக்கியோன், ஐந்தாம் அதிகாரத்தின் முடிவில் பாலையும் பலமான ஆகாரத்தையும் பற்றிப் பேசுகிறார். போதகராயிருக்கவேண்டிய காலத்தில் இன்னும் பால் உண்கிறவர்களாயிருக்கிறார்கள் என்பது அவருடைய வருத்தம். ஆறாம் அதிகாரத்திலோ உவமையை மாற்றி, நிலத்தையும் மழையையும் கொண்டுவருகிறார் (எபி. 6:7,8). அடிக்கடி பெய்யும் மழையைக் குடித்து, பயனுள்ள பயிரை விளைவிக்கும் நிலம் ஆசீர்வாதம் பெறுகிறது. முட்செடிகளை விளைவிப்பதோ தள்ளப்படுகிறது. கிரேக்க மூலத்தில் நிற்கும் வினை குடித்தலைக் குறிக்கும் எளிய சொல்லே. இலத்தீன் மொழிபெயர்ப்பில் நிற்பது ‘இம்பைப்’ என்பதன் மூலமாகிய அதே ‘பிபெரே’. நம் பழைய திருப்புதலும் ‘குடித்து’ என்றே அழகுறச் சொல்கிறது.

இவ்வுவமையில் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இரண்டு நிலங்களும் மழையைக் குடித்தவையே. கற்பாறையைப் போல் மழையை வழியவிட்ட நிலம் இங்கே பேசப்படவில்லை. ஒரே மழை, ஒரே தாகம், ஒரே ஈர்ப்பு. வேற்றுமை விளைவிலேதான். முள்ளும் மழையால்தான் செழிக்கிறது. மழையைக் குடித்தமை நிலத்துக்குப் புகழாகச் சொல்லப்படவில்லை. கணக்குக் கேட்பதற்கான அடிப்படையாகவே சொல்லப்பட்டது. மிகுதியாய்க் குடித்த நிலத்தினிடத்தில் மிகுதியாய்க் கேட்கப்படும். அதே வேளையில், ஆக்கியோன் தம் வாசகர்களைக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. அடுத்த வசனத்திலேயே அவர்களைப் பிரியமானவர்களே என்று அழைத்து, நன்மையானவற்றையே அவர்களிடம் எதிர்பார்ப்பதாக நம்பிக்கையோடு கூறுகிறார் (6:9). கடிந்துகொள்ளும் ஆயருக்கு இது ஒரு பாடம்.

பவுலடிகளின் வழக்கும் இதனோடு ஒத்துச்செல்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ‘பொதிட்சோ’ என்னும் கிரேக்க வினை மூன்று இடங்களில் மூன்று முகம் காட்டுகிறது. பவுல் அவர்களுக்குப் பாலைக் குடிக்கக் கொடுத்தார் என்னுமிடத்தில் அதுவே நிற்கிறது (3:2). அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார் என்னுமிடத்திலும் அதுவே (3:6). யூதரும் கிரேக்கரும், அடிமைகளும் சுயாதீனரும் ஒரே ஆவியானவரால் தாகந்தீர்க்கப்பட்டனர் என்னுமிடத்திலும் அதுவே (12:13). இது ‘இம்பைப்’ என்பதற்கு நேர் எதிர்த்திசையில் நின்று பேசும் சொல். குடிப்பவனை எழுவாயாக்காமல், குடிப்பிப்பவரை எழுவாயாக்குகிறது. ‘நான் உள்வாங்கினேன்’ என்று அது சொல்லாது. ‘எனக்குப் புகட்டப்பட்டது’ என்றே சொல்லும். மேலும், பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்தக் குடித்தலின் விளைவு தனிமனிதனின் நிறைவு அன்று. இனத்தாலும் நிலையாலும் பிரிந்திருந்தோர் ஒரே சரீரமாதல். வேறுவேறு கிண்ணம் கேட்டவர்கள் இந்த வசனத்தை வாசித்துத்தான் இருந்தார்கள்.

மதுவைக் குறிக்கும் மூன்றாம் கிளையையும் திருமறை அறியும். பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள் மதுபானத்தால் நிறைந்தவர்கள் என்று பரிகாசம் பண்ணப்பட்டார்கள் (அப். 2:13). வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றின. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபமோ இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது (எபே. 5:18). அதைத் தொடர்ந்து வருவன யாவும் வெளிப்படும் செயல்கள்: பாடுதல், நன்றி செலுத்துதல், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதல். நிறைவின் சான்று நிறைவன்று; அதிலிருந்து வழிவதே.

6. தமிழில் எச்சொல்லை ஆள்வது?

மொழிபெயர்ப்பாளருக்கு இனி எழும் கேள்வி, ‘இம்பைப்’ என்பதைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்பதாகும். எல்லாவிடத்தும் ‘உள்வாங்கு’ என்று போடுவதை நாம் ஏற்பதற்கில்லை. நீர்மத்தைப் பற்றியதாயின் உறிஞ்சுதல், ஈர்த்தல் என்பன போதும். மதுவைப் பற்றியதாயின் குடித்தல் என்றே ஒளிக்காமல் எழுதலாம். அறியாமற் புகுந்த தப்பெண்ணங்களைப் பற்றியதாயின் ஊறிப்போதல் என்பதே வாழும் தமிழ். போதனையை ஏற்பதாயின், ஏற்றவன் என்ன செய்தான் என்பதை நோக்கி, கற்றான், கைக்கொண்டான், செரித்துக்கொண்டான் என்று தெளிவுபடுத்துவது நலம். 1549இல் கிரான்மர் பேராயர் தொகுத்த ஆங்கிலப் பொது ஜெபநூலில், திருவருகையின் இரண்டாம் ஞாயிறுக்குரிய மன்றாட்டு, திருமறையைக் கேட்பதில் தொடங்கிச் செரிமானத்தில் முடியும் வினைகளை வரிசையாக அடுக்குகிறது. ஒரு வினையால் அவர் நிறைவடையாததன் காரணம் இப்போது விளங்கும்.

‘உள்வாங்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் வேறொரு பொருளும் உண்டென்பதை அச்சொல்லை விரும்புவோர் நினைவில் கொள்ளவேண்டும். கடல் உள்வாங்கியது என்று சொல்லும்போது, அது கரையை விட்டுப் பின்வாங்கியது என்றே பொருள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோர மக்கள் நடுங்கிக்கொண்டு ஆண்ட சொல் அது. இறையியலை உள்வாங்கிய மாணாக்கர் சிலர், மக்களை விட்டும் அவ்வாறே உள்வாங்கிக்கொள்ளக் காண்கிறோம். கல்லூரியில் சேரும்முன் ஊராரோடு திண்ணையில் அமர்ந்து பேசியவர், பட்டம் பெற்றபின் எட்ட நின்று பேசுகிறார். சொல் தன் இரண்டாம் பொருளையும் நிறைவேற்றிவிடுகிறது.

‘ஊறு’ என்னும் நம் எளிய வினையோ ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத செல்வம் ஒன்றை உடையது. பயறு நீரில் ஊறுகிறது. கிணற்றில் நீர் ஊறுகிறது. உள்ளே புகுவதும் ஊறுதலே. உள்ளிருந்து சுரப்பதும் ஊறுதலே. ஊற்று என்னும் பெயர் இதிலிருந்து பிறந்ததே. கல்வியைச் சொல்ல வந்த வள்ளுவர், வெளியிலிருந்து ஊற்றி நிரப்பும் குடத்தை உவமையாக்கவில்லை. தோண்டத் தோண்டச் சுரக்கும் மணற்கேணியை உவமையாக்கினார். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தாம் தரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். அதைக் குடிப்பவன் நிரம்பிய பாத்திரமாகிறான் என்று அவர் சொல்லவில்லை. அது அவனுக்குள் நீரூற்றாகும் என்றார் (4:14). நம் பழைய திருப்புதல் அவ்விடத்தில் இவ்வினையையே ஆண்டிருப்பது நமக்கு வாய்த்த பேறு. குடித்தவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். அவளிடத்தில் ஊற்று திறந்ததென்பதற்கு அந்த வெறுங்குடமே சாட்சி.

முடிவுரை

ஆகவே, பயிற்சி அறிக்கை எழுதும் மாணாக்கருக்கும், அதை மதிப்பிடும் ஆசிரியருக்கும், சபைக் கணக்கை எழுதும் ஆயருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. எவ்வளவு உட்கொண்டோம் என்பதை எழுதுவதைக் குறைத்து, என்ன முளைத்தது என்பதை எழுதுவோமாக. முளைத்தது ஒன்றுமில்லையாயின், அதையும் மறைக்காமல் எழுதலாம். விதை ஊறியபின் வெளியே எதுவும் தோன்றாத இரண்டாம் கட்டம் ஒன்றுண்டென்று கண்டோம். அக்காலத்தில் பொறுமையோடு காத்திருப்பது குற்றமன்று. ஊறியதையே முளைத்ததாகக் காட்டுவதுதான் குற்றம்.

மழை நம்மேல் குறைவின்றிப் பெய்கிறது. அதைக் குடியாத நிலம் என்று நம்மை யாரும் குறைகூற இயலாது. அறுவடை நாளில் கேட்கப்படுவது அதுவன்று.